எந்தத் துறை என்று கேட்கும் தங்கைகளுக்கு

(நூற்றாண்டு நிகழ்வுகளை முன்னிட்டு, உயர்தர மாணவிகளுக்காகப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



இந்தக் கருத்தரங்குக்கு முன்னர் உங்கள் கேள்விகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். பேசப் போவது வைத்தியர் என்பதால் மருத்துவ பீடத்தைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று எண்ணியிருந்தோம். கட்டைப் பிரித்துப் பார்த்தால் பல கேள்விகள் இணையத்தளம் உருவாக்கும் தொழிலைப் பற்றியவை. "வெப் டெவலப்மென்ட் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஃப்ரொன்ட் எண்ட் எடுப்பதா, பேக் எண்ட் எடுப்பதா?" என்று ஒருவர். "எதற்குச் சம்பளம் கூட?" என்று இன்னொருவர். ஒரு துண்டில் மட்டும் ஒரே ஒரு வரி இருந்தது: "பிழையான துறையைத் தெரிவுசெய்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா?" பெயர் எழுதப்படவில்லை. அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். இன்று பேசுவது முதலில் அவருக்காக.

இதைப் பற்றி வைத்தியர்கள் ஏன் கதைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். 2009ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வைத்தியர்களுக்கென்று மருத்துவத் தகவலியலில் முதுமாணிப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னர் இந்நாட்டில் கணிசமான வைத்தியர்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே கணினிப் பக்கமும் திரும்பினோம். படிவம் வடிவமைத்தோம், தரவுத்தளம் படித்தோம், மென்பொருள் செய்யும் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்தோம். எங்கள் வகுப்பிலிருந்து அந்தத் துறைக்கே போன தோழிகளிடமும் கேட்டுத்தான் இந்த உரையைத் தயாரித்தோம்.

முதலில் துறைகள் எவை என்று பார்ப்போம். ஓர் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் இலக்கத் துண்டு தரும் இடம், பெயர்ப் பலகை, வரிசை, வாங்கு. நோயாளி காண்பது இவற்றைத்தான். இணையத்தளத்தில் இதுதான் ஃப்ரொன்ட் எண்ட். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் அங்கே வேலை செய்யும். உள்ளே வைத்தியர் பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பி, மருந்து எழுதுகிறார். வெளியே தெரியாத அந்தத் தீர்மானங்கள் நடக்கும் இடம் பேக் எண்ட். பதிவேட்டு அறை இருக்கிறதே, அது தரவுத்தளம். அங்கே ஒரு கோப்பு மாறினால் முன்னால் எவ்வளவு வடிவான பெயர்ப் பலகை இருந்தும் பயனில்லை. மின்சாரம், தண்ணீர், ஜெனரேட்டர், அம்புலன்ஸ் எல்லாம் தடையின்றி ஓடவைப்பவர்களுக்கு இணைய உலகில் டெவொப்ஸ் என்று பெயர். கிருமித் தொற்றைத் தடுக்கும் பிரிவுதான் பாதுகாப்பு. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதையைப் போன்றது அணுகல்தன்மை. கண் தெரியாதவரும் கை நடுங்குபவரும் அந்தத் தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் துறை அது. எல்லாவற்றையும் ஓரளவு செய்பவர் ஃபுல் ஸ்டாக். அவர் எங்கள் ஊர் எம்.பி.பி.எஸ். டொக்டர் மாதிரி, அவர் இல்லாமல் ஊர் ஓடாது.

இதில் எதை எடுப்பது? மருத்துவத்தில் இந்தக் கேள்வியை முதலாம் ஆண்டில் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்ல விட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வருடப் படிப்பின் கடைசி ஆண்டில் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, உளமருத்துவம் ஆகிய விடுதிகளில் முறைவைத்து நிற்க வேண்டும். பட்டம் கிடைத்த பின்னும் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆறு மாதம் ஒரு பிரிவு, ஆறு மாதம் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் சிறப்புத் துறைக்கான பரீட்சை.

அந்தச் சுற்று எங்களுக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. விடுதிக்குப் போவதற்கு முன் எங்களிடம் இருந்த விருப்பங்களில் பல எங்களுடையவை அல்ல. மாமா ஒருவர் இருதய நிபுணர் என்பதால் ஒருத்திக்கு இருதயம் பிடித்திருந்தது. குழந்தைகள் என்றால் ஆசை என்று சொன்னவர், குழந்தை அழும்போது ஊசி ஏற்ற முடியாமல் தானும் அழுதார். இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும் என்று நினைத்தவர், சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஐந்து மணித்தியாலம் நின்றதே தெரியவில்லை என்று திரும்பி வந்தார். வேலைக்குள் நின்று பார்த்த பின்னர்தான் எங்களை எங்களுக்குத் தெரிந்தது.

இணையத் தொழிலில் அப்படி ஒரு சுற்றை யாரும் உங்களுக்கு ஒழுங்கு செய்து தரமாட்டார்கள். பாடநெறி விற்பவர்கள் முதல் நாளே "எதில் நிபுணராகப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். அதுதான் உங்கள் பயத்துக்குக் காரணம். பார்க்காத விடுதிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் யாருக்கும் பயம் வரும்.

சுற்றி முடித்த பிறகு எதில் நிற்பது என்று எப்படித் தெரியும்? அதற்கு நாங்கள் கண்ட இரண்டு விடயங்களைச் சொல்கிறோம்.

2004 டிசெம்பர் 26. அப்போது நாங்கள் மருத்துவ மாணவிகள். கடல் வந்து போன பின்னர் நலன்புரி முகாம்களில் உதவிக்கு நின்றோம். அங்கே காயத்துக்கு மருந்து கட்டியதைவிடப் பெயர்ப் பட்டியல் வாசித்ததுதான் அதிகம். பாடசாலைச் சுவர்களில் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரை ஒவ்வொரு தாளிலும் விரல் வைத்துத் தேடுவார். பக்கத்து முகாமில் அந்தப் பிள்ளை இருந்தாலும், அங்கே பெயரை வேறு விதமாக எழுதியிருப்பார்கள். முகாமுக்கு முகாம் பட்டியல் வேறு.

அதே நாட்களில் கொழும்பில் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடி, காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி கேட்போரையும் கொடுப்போரையும் இணைக்கும் பதிவு என்று ஓர் இணையச் செயலியைச் சில வாரங்களுக்குள் உருவாக்கினார்கள். அதன் பெயர் சஹன. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பி.எச்.பி. மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் எழுதப்பட்ட, எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள் அது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. அதைச் செய்தவர்கள் எந்த மொழிக்குச் சந்தை கூட என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் தெரிந்ததை வைத்து, கண்முன் இருந்த துன்பத்துக்கு வேலை செய்தார்கள்.

இரண்டாவது, பல வருடங்களின் பின்னர் எங்கள் கையாலேயே நடந்தது. நாங்கள் வேலை செய்த ஓரிடத்தில் கிளினிக் நோயாளரைப் பதிவு செய்வதற்கு ஒரு சிறிய இணையச் செயலி செய்யப்பட்டது. மூன்று இளம் டெவலப்பர்கள். அவர்களில் ஒரு பெண் பிள்ளை பயிற்சிக்கு வந்தவர். படிவத்தை வடிவாக அமைப்பது மட்டும்தான் அவருக்குத் தரப்பட்ட வேலை.

படிவத்தில் முதற்பெயர் என்று ஒரு பெட்டி, குடும்பப்பெயர் என்று ஒரு பெட்டி. இரண்டையும் நிரப்பாவிட்டால் பதிவாகாது. எங்கள் அம்மாமாருக்கு ஏது குடும்பப்பெயர்? ஒருமுறை எழுதுநர் தகப்பனின் பெயரைப் போடுவார், அடுத்தமுறை கணவரின் பெயரைப் போடுவார், பிறகு வெறும் முதலெழுத்தைப் போடுவார். பழைய பட்டியலில் இருந்த பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை, புதியவை யுனிகோட்டில். கண்ணுக்கு இரண்டும் ஒரே பெயர். கணினிக்கு இரண்டும் வேறு. அடையாள அட்டை இலக்கத்திலும் அதே சிக்கல். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கம். அட்டை மாற்றிய ஒருவர் இரண்டு ஆளாகிவிடுவார்.

ஒருநாள் அறுபது வயது கடந்த அம்மா ஒருவர் வந்தார். அவருக்குப் பெனிசிலின் ஒவ்வாது என்று முதலாவது பதிவில் இருந்தது. திரையில் வந்தது இரண்டாவது பதிவு. அதில் ஒன்றும் இல்லை. ஊசி தயாரான பின், தாதி தன் வழக்கப்படி, "அம்மா, ஏதும் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் ஊசி தட்டுக்குத் திரும்பியது. அம்மாவும் வீட்டுக்குத் திரும்பினார்.

டெவலப்பர்களைக் குறை சொல்வது எங்களுக்கு இலகுவாக இருந்தது. ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்து, சரி என்று ஒப்பமிட்டவர்கள் நாங்கள். எங்களில் ஒருவருக்குக்கூடக் குடும்பப்பெயர் இல்லை. அப்படியிருந்தும் எங்கள் கண்ணில் அது படவில்லை.

பயிற்சிக்கு வந்த அந்தப் பிள்ளைதான், பதிவு மேசையில் இரண்டு நாள் இருக்கலாமா என்று கேட்டார். இருந்தார். எழுதுநருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியுடன் இருந்து, யார் எப்படிப் பெயர் சொல்கிறார்கள் என்று குறித்தார். திரும்பி வந்து, முழுப்பெயருக்கு ஒரே பெட்டி வைத்தார். பழைய அட்டை இலக்கமும் புதியதும் ஒரே ஆளைக் காட்டும்படி செய்தார். பிறந்த ஆண்டும் தொலைபேசி இலக்கமும் ஒத்துவந்தால், "இவர் ஏற்கனவே பதிவானவரா?" என்று திரை கேட்கும்படி செய்தார். பாமினிப் பெயர்களையெல்லாம் யுனிகோட்டுக்கு மாற்றினார். இதற்காக அவர் தன் வேலையல்லாத தரவுத்தளத்துக்குள் இறங்க வேண்டியிருந்தது. தெரியாததைக் கேட்டுக் கேட்டுப் படித்தார். நிறம் தெரிவுசெய்ய வந்த பிள்ளை இன்று தரவுத் துறையில் மதிப்பாக இருக்கிறார். அதைத் தெரிவுசெய்யும் நோக்கம் முதலில் அவருக்கு இருக்கவில்லை. ஒரு தொல்லையை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. அது அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

தங்கைகளே, நாங்கள் சொல்ல வந்தது இதைத்தான். எந்தத் துறைக்கு மதிப்புக் கூட என்று கேட்டுப் பதில் கிடைக்காது. எந்தப் பிழையைக் கண்டால் அதைத் திருத்தாமல் உங்களால் எழும்ப முடியவில்லை என்று பாருங்கள். பொத்தான் கைத்தொலைபேசியில் அரை விரல் தள்ளி நிற்பது உங்களை உறுத்துகிறதா? ஃப்ரொன்ட் எண்ட் உங்களுக்கு. கணக்கு ஒருமுறை சரியாகவும் ஒருமுறை பிழையாகவும் வருவது உறுத்துகிறதா? பேக் எண்ட். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதா? தரவுத்தளம். இந்தப் பூட்டை எப்படி உடைக்கலாம் என்று மனம் போகிறதா? பாதுகாப்பு.

அதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு சுற்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு விடுதி, ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம். மொத்தம் 24 வாரம். நான்கிலும் ஒரே வேலையைச் செய்யுங்கள். அந்த வேலையையும் நாங்களே தருகிறோம்: பழைய மாணவிகளின் பெயர்ப் பதிவேடு.

முதல் ஆறு வாரம், எந்த ஃப்ரேம்வர்க்கும் இல்லாமல் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட்டால் மட்டும் படிவத்தையும் தேடல் பக்கத்தையும் செய்யுங்கள். வீட்டில் உள்ளதிலேயே பழைய கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். அம்மம்மாவிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். இரண்டாம் ஆறு வாரம், படிவத்தில் வந்ததைப் பெற்றுச் சரிபார்க்கும் செர்வர் நிரல். பி.எச்.பி., பைதன், ஜாவா, நோட் எதுவும் சரி. ஒன்றை மட்டும் எடுங்கள். மூன்றாம் ஆறு வாரம் தரவுத்தளம். திருமணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர் உள்ள அக்காவை எப்படி ஒரே ஆளாகச் சேமிப்பீர்கள்? பிரதி எடுத்து வையுங்கள்; பிறகு வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்து, அந்தப் பிரதியிலிருந்து மீட்டுப் பாருங்கள். நான்காம் ஆறு வாரம், அதை இணையத்தில் ஏற்றி ஓடவிடுங்கள். கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் ஹாஷ் செய்து சேமிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு விசைப்பலகையால் மட்டும் உங்கள் தளத்தைப் பயன்படுத்துங்கள். பார்வையற்ற இரு அவுஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அதை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தைக் கேளுங்கள்.

ஒன்று கவனம். பயிற்சிக்குக் கற்பனைப் பெயர்களை மட்டும் பயன்படுத்துங்கள். அடுத்தவரின் தொலைபேசி இலக்கமும் முகவரியும் விளையாட்டுப் பொருள் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் இருக்கிறது.

ஒவ்வொரு ஆறு வாரமும் முடிய, ஒரு கொப்பியில் இரண்டே வரி எழுதுங்கள்: எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்? 24 வாரம் முடிய அந்த எட்டு வரிகளை வாசித்துப் பார்த்து ஒரு துறையை எடுங்கள். ஒரு வருடத்துக்கு அதிலேயே நில்லுங்கள். இடையில் யார் வந்து புதிதாக எதைச் சொன்னாலும் மாற வேண்டாம். வருடம் முடிய, வேண்டுமானால் மாறுங்கள்.

மாறினால் படித்தது வீணாகுமா? நாங்கள் படித்த காலத்தில் மூத்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒரு கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்வதே அவர்களின் அன்றாட வேலை. 1982இல் பெரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு அவுஸ்திரேலிய வைத்தியர்கள் அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று கண்டறிந்தார்கள். அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். நோய்க்கு மாத்திரை வந்தது; சத்திரசிகிச்சை அருகியது. ஆனால் வயிற்றின் அமைப்பு முழுவதும் தெரிந்தவருக்கு வேலை குறையவில்லை.

உங்கள் துறையிலும் அப்படித்தான். ஃப்ளாஷ் என்ற ஒன்று இருந்தது. அசையும் இணையத்தளம் என்றால் அதுதான். 2020 டிசெம்பர் 31உடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. ஃப்ளாஷ் மட்டும் தெரிந்தவர் தடுமாறினார். அசைவும் நிரலும் தெரிந்தவர் வேறு கருவிக்குப் போனார். ரியாக்ட் 2013இல்தான் வெளியானது. அதற்கும் ஒருநாள் வயது போகும். ஆனால் எஸ்.கியூ.எல். 1970களிலிருந்து இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 1995இல் வந்தது. டிம் பேர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் இணையப் பக்கத்தின் பழைய பிரதியை இன்றைய உலாவியிலும் திறந்து வாசிக்கலாம். கருவியை வேகமாகப் படியுங்கள். அடிப்படையை ஆழமாகப் படியுங்கள். இப்போது நிரலை இயந்திரமே எழுதித் தருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அம்மாவுக்குக் குடும்பப்பெயர் இல்லை என்பது பதிவு மேசையில் இருந்தவருக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம், "பெண் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை எதற்கு, இரவு வேலை இல்லாத துறையாகப் பார்" என்றார்கள். உங்களிடம், "ஃப்ரொன்ட் எண்ட் எடு, வடிவாக நிறம் போடுகிற வேலை, பெண்களுக்கு ஏற்றது" என்கிறார்களாம். ஃப்ரொன்ட் எண்ட் இலகுவான வேலை அல்ல. விருப்பம் இருந்தால் தலைநிமிர்ந்து எடுங்கள். ஆனால் பெண் என்பதற்காக எடுக்க வேண்டாம். 1946இல் அமெரிக்காவில் எனியாக் கணினி வெளியுலகுக்குக் காட்டப்பட்டபோது, அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அது நிறம் போடும் வேலை அல்ல.

பெயர் எழுதாத தங்கைக்கு எங்கள் பதில் இதுதான். மருத்துவத்தில் துறை மாறினால் வருடங்கள் போகும். எங்களில் மாறியவர்கள் இருக்கிறோம்; மாறிய பின்னும் நன்றாகத்தான் இருக்கிறோம். உங்கள் தொழிலில் மாறுவதற்கு மாதங்கள் போதும். முதல் தெரிவு பிழைத்தால் எதுவும் முடிந்துவிடாது. ஒன்றையும் தொட்டுப் பார்க்காமல் பயந்துகொண்டே இருப்பதுதான் நட்டம்.

இறுதியாக, இங்கே வந்திருக்கும் பழைய மாணவிகளிடமும், இந்த உரையை மலரில் வாசிக்கப் போகும் ரொறன்ரோ, லண்டன், சிட்னி, பாரிஸ் அக்காமாரிடமும் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு நீங்கள் கட்டடமும் கணினியும் தந்திருக்கிறீர்கள். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் இனி வாரம் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஒரு தங்கை எழுதிய நிரலைத் திறந்து வாசித்து, எங்கே பிழை, எங்கே நன்று என்று எழுதி அனுப்புங்கள். விடுதியில் எங்களுக்குப் பின்னால் ஒரு மூத்த வைத்தியர் நின்றார். அதனால்தான் நாங்கள் துணிந்து ஊசி ஏற்றினோம். இந்தப் பிள்ளைகளுக்குப் பின்னாலும் ஒருவர் நிற்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முழுப்பெயர் போதும், குடும்பப்பெயர் கேட்க மாட்டோம்.

எங்களை ஆளாக்கிய இந்தப் பாடசாலைத் தாய் இன்னும் பல நூற்றாண்டு வாழ்க என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.